முதல் ஐவரில் ஐந்தேகால் அடி

செங்கல்பட்டிலிருந்து தெற்கே, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மதுராந்தகத்திற்கு முன்னால் வருகிற ஊர் படாளம். நெடுஞ்சாலையில் விரைகிறவர்களுக்கு அது சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு வேடந்தாங்கலுக்குத் திரும்பும் முனை. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிப் புத்தகங்களைப் பற்றி வாதிட்டுக் கலையும் இடம். சில வாரங்களுக்கு முன் அந்த வாதத்தை ஒத்திவைத்துவிட்டு, பக்கத்து மைதானத்தில் இரண்டு பள்ளி அணிகள் ஆடிய கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தோம். இக்கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உள்ளூர் அணியில் ஒரு பையன். பதினாறு வயதிருக்கும், உயரம் ஐந்தேகால் அடி. முதல் பாதி முழுவதும் பெஞ்சில் அமர்ந்து, தோள்பட்டையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அணி பதினான்கு புள்ளிகள் பின்தங்கிய பிறகு அவனை இறக்கினார்கள். அதன்பின் ஆட்டம் வேறாயிற்று. அதுவரை எதிரணி நெருக்கியபோதெல்லாம் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்த பந்து, அவனிடம் வந்ததும் பழக்கப்பட்ட நாய்க்குட்டி போல அவன் பின்னாலேயே வந்தது. நெட்டையான இரண்டு பையன்களுக்குக் கூடைக்கு அடியிலேயே பந்து கிடைக்கத் தொடங்கியது. இறுதியில் மூன்று புள்ளிகளில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் கேட்டோம். அவர் நல்ல மனிதர். தம் கைக்காசில் பந்து வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர். "நல்ல பையன்தாங்க. ஆனா வளரலியே. முதல்லயே எறக்குனா அவன் தலைக்கு மேலயே பந்தப் போட்டுருவானுங்க" என்றார். அவர் சொன்னது அறிவீனமன்று. உலகெங்கும் பயிற்சியாளர்கள் சொல்வதையே அவரும் சொன்னார். ஆயினும் அது தவறு என்று நாங்கள் எண்ணுகிறோம். ஏன் என்று சொல்ல முயல்கிறோம்.

முதலில் அந்த இடத்தின் வேலை என்ன என்று பார்ப்போம். பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைக் கொண்டுசெல்பவர். சர்வதேச விதிப்படி பந்து கிடைத்த எட்டு வினாடிக்குள் அதை மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். இருபத்துநான்கு வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த நெருக்கடிக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எப்போது பந்தைக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பவர் அவர். கூடை பத்தடி உயரத்தில் இருக்கிறது என்பதே எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் பந்து தன் நேரத்தில் பெரும்பகுதியைத் தரைக்கும் இடுப்புக்கும் இடையில்தான் கழிக்கிறது. தட்டிச் செல்பவரின் கை தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, பந்து போய்வரும் தூரம் அவ்வளவு குறைவு. எதிராளி அதைப் பறிப்பதற்கான அவகாசமும் அவ்வளவு குறைவு. கூடைக்கு அடியில் நெட்டையனுக்கு உள்ள சாதகத்தை யாரும் மறுக்கவில்லை. தரையில் குட்டையனுக்கு உள்ள சாதகத்தைத்தான் எண்ண மறந்துவிடுகிறோம்.

இந்த ஆட்டம் நமக்குப் புதியதன்று. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் இதை வகுத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்று நந்தனத்தில் இருக்கிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் பலர் தமிழகப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். நூறாண்டுகள் கடந்த பின்பும், கூடைப்பந்து என்றதும் நாம் முதலில் தேடுவது உயரத்தைத்தான். 2015இல் பஞ்சாபைச் சேர்ந்த ஏழடி இரண்டங்குல சத்னம் சிங்கை டாலஸ் அணி தேர்வு செய்தபோது நாடே மகிழ்ந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம், இன்னொரு ஏழடிப் பையனைத் தேடுவோம் என்பதாக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் பிறப்பார்கள்? ஐந்தேகால் அடிப் பையன்களோ ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

மக்ஸி போக்ஸ் என்ற அமெரிக்கரின் உயரம் சரியாக அதே ஐந்தேகால் அடி. 1987இல் வாஷிங்டன் அணி அவரைப் பன்னிரண்டாவது தேர்வாக எடுத்தது. அதே அணியில் ஏழடி ஏழங்குல மனூட் போல் இருந்தார். இருவரையும் அருகருகே நிறுத்திப் படமெடுத்து உலகம் சிரித்தது. அடுத்த ஆண்டே ஷார்லட் அணிக்குப் போன போக்ஸ், அங்கே முதல் ஐவரில் ஒருவரானார். 1989-90 பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரியாக 10.7 அசிஸ்ட்டுகள் கொடுத்தார். மொத்தம் 889 ஆட்டங்கள், 6,726 அசிஸ்ட்டுகள். இந்த எண்ணைவிட எங்களை வியக்க வைப்பது இன்னொன்று: ஆட்டத்திற்குச் சுமார் ஏழரை அசிஸ்ட்டுகள் கொடுத்தவர், பந்தை இழந்தது ஏறத்தாழ ஒன்றரை முறைதான். நெட்டையர்களின் காட்டில் பதினான்கு பருவங்கள் அவர் உலவியது இரக்கத்தால் அன்று. அவரிடம் கொடுத்த பந்து தொலைந்து போகவில்லை என்பதால்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஆசியக் கதை ஒன்று. கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜப்பான் மகளிர் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. அந்த அணியின் பாயிண்ட் கார்டு ருய் மச்சிதாவின் உயரம் 162 சென்டிமீட்டர். அரையிறுதியில் பிரான்ஸை 87-71 என வீழ்த்தியபோது அவர் கொடுத்த அசிஸ்ட்டுகள் பதினெட்டு; ஒலிம்பிக் சாதனை அது. ஜப்பானியர்கள் தம்மிடம் உயரம் இல்லை என்று அழுதுகொண்டிருக்கவில்லை. வேகமும் தொலைவிலிருந்து எறியும் திறனும் கொண்ட ஆட்டத்தை வகுத்து, அதன் சாவியை மிகக் குட்டையானவர்களில் ஒருவர் கையில் கொடுத்தார்கள். நம் சென்னையின் அனிதா பால்துரை 2017இல், குழந்தை பெற்றுத் திரும்பி வந்து, பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆட்டத்தை உடலால் மட்டுமின்றி அறிவாலும் நடத்தலாம் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் ஐசையா தாமஸ். உயரம் ஐந்தடி ஒன்பதங்குலம்; 2011இல் அறுபதாவதாக, அதாவது கடைசியாகத் தேர்வானவர். பாஸ்டன் அணிக்கு வந்தபோது பெஞ்சிலிருந்துதான் இறங்கினார். பிறகு முதல் ஐவரில் இடம் பெற்றார். 2016-17இல் ஆட்டத்திற்கு 28.9 புள்ளிகள். அணி கிழக்குப் பிரிவில் முதலிடம். தங்கையை விபத்தில் பறிகொடுத்த சில வாரங்களில், அவளுடைய பிறந்தநாளன்று 53 புள்ளிகள் எடுத்தார். ஆனால் எதிரணிகள் ஒவ்வொரு முறையும் தம்மில் வலுவானவரை அவர் எதிரில் கொண்டுவந்து நிறுத்தித் தாக்கின. தற்காப்பில் அவர் விலை கொடுத்துக்கொண்டே இருந்தார். இடுப்புக் காயம் வந்தது. அந்தக் கோடையிலேயே அணி அவரை மாற்றிக் கொடுத்துவிட்டது. நம் பயிற்சியாளரின் அச்சம் கற்பனையன்று.

எனினும் அந்த விலையை யார் வசூலிப்பது என்று கேட்டாக வேண்டும். குட்டையான ஒருவரைத் தேடிப்பிடித்துத் தாக்குவதற்கு, எதிரணியில் நெட்டையாகவும், முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்பி எறியத் தெரிந்தவராகவும் ஒருவர் வேண்டும். அவருக்குச் சரியான நேரத்தில் பந்தைக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அப்படி ஓர் அணிக்கு ஐந்து பேர் இருக்கலாம். எங்கள் பக்கத்துப் பள்ளி ஆட்டங்களில் அப்படி ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம். இங்கே அணிகள் தோற்பது பெரும்பாலும் தலைக்கு மேல் பந்து போனதால் அன்று. நடுக்கோட்டைத் தாண்டுமுன்பே பந்து பறிபோனதால். வராத வெள்ளத்திற்கு அணை கட்டிக்கொண்டு, ஒழுகுகிற கூரையை நாம் மறந்துவிடுகிறோம்.

பெஞ்சிலிருந்து இறங்கினால் என்ன, அவனுக்கு ஆடக் கிடைக்கிறதே என்பார்கள். இதுதான் எங்கள் வாதத்தின் நடுப்புள்ளி. முதலில் இறங்குபவனுக்கும் பிறகு இறங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு வெறும் மரியாதை சார்ந்ததன்று. முதல் ஐவர்தான் பயிற்சியிலும் சேர்ந்தே ஆடுகிறார்கள். நெட்டையான பையன், இவன் பந்தைக் கொண்டுவந்துவிடுவான் என்று நம்பினால்தான் திரும்பிப் பார்க்காமல் கூடையை நோக்கி ஓடுவான். அந்த நம்பிக்கை பத்து நிமிடத்தில் வருவதில்லை. பல மாதங்கள் சேர்ந்து ஆடி வருவது. பதினான்கு புள்ளிகள் பின்தங்கிய பிறகு இறக்கப்படுபவனின் வேலை ஆட்டத்தை நடத்துவதன்று, தீயணைப்பது. அணைத்தால் அதிசயம் என்பார்கள். அணைக்கவில்லையென்றால், பார்த்தீர்களா, குட்டை என்பார்கள்.

குட்டையான எல்லோரையும் முதலில் இறக்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. உயரமின்மை ஒரு தகுதியாகிவிடாது. இரண்டு கைகளாலும் தட்டத் தெரிய வேண்டும். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து எறிவது ஓரளவேனும் விழ வேண்டும், இல்லையேல் எதிராளி அவனை விட்டுவிட்டு மற்றவர்களைச் சூழ்ந்துகொள்வான். தற்காப்பில் பின்னால் நின்று தடுப்பதைவிட, பந்து கொண்டுவருபவனை முன்னாலேயே நெருக்கும் கால் வலிமை வேண்டும். இவை இருப்பவனை அடிக்கோலால் அளந்து உட்கார வைக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று ஆட்டங்களுக்கு இரண்டு பத்திகளில் குறியுங்கள்: அவன் தலைக்கு மேல் எதிரணி எடுத்த புள்ளிகள் ஒரு பத்தி; அவன் இல்லாதபோது நம் அணி பந்தை இழந்ததால் போன புள்ளிகள் மற்றொன்று. எந்தப் பத்தி நீள்கிறதோ, அதன்படி முடிவு செய்யுங்கள். மூன்றாவது ஆட்டத்தின் முடிவில் எங்கள் கருத்துத் தவறென்று தெரிந்தால், ஒப்புக்கொள்ள எங்களுக்குத் தயக்கமில்லை.

இத்தகைய பேச்சு வந்தால் உடனே யாராவது வாமனனை அழைத்து வருவார்கள்; எங்கள் குழுவிலும் ஒருவர் அழைத்து வந்தார். எங்களுக்கு அந்த உவமையில் ஒரு மனக்குறை உண்டு. வாமனன் குள்ளனாகவே இருந்து வெல்லவில்லையே, வளர்ந்தல்லவா அளந்தான்? இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மாமல்லபுரத்தில், வராக மண்டபத்துச் சுவரில் சிற்பி பெரிதாகச் செதுக்கியிருப்பது வானுக்குக் காலைத் தூக்கிய திரிவிக்கிரமனைத்தான். நம் மனமும் அப்படியே பழகியிருக்கிறது: சிறியவன் மதிக்கப்பட வேண்டுமென்றால், ஒருநாள் அவன் பெரியவனாகிவிட வேண்டும். "வளரலியே" என்ற சொல்லில் இருந்ததும் இதுவே. அந்தப் பையன் இனி வளரலாம், வளராமலும் போகலாம். இப்போது இருக்கிற உயரத்திலேயே அவனுக்கு ஆட்டம் தெரிகிறது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவன் மைதானத்திலேயே இருந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. தரையில் அது பட்டெழும் ஓசை மட்டும் கேட்டது. மிகத் தாழ்ந்த, விரைவான, ஒரு முறையும் பிசகாத ஓசை. பயிற்சியாளரும் கிளம்பாமல், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார்.