விசுவாசக் குறைவு ஒரு நோயின் பெயரல்ல

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை பிரிகிறது. ஒரு கிளை சூளகிரி, ஓசூர் தாண்டி பெங்களூருக்குப் போகிறது. பெங்களூருக்குள் நுழைந்த பிறகும் அந்தச் சாலைக்குப் பெயர் ஓசூர் ரோடுதான். அதே ஓசூர் ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மனநலத்துக்கென்று நாட்டிலேயே பெயர்பெற்ற ஆஸ்பத்திரி. இன்னொரு கிளை வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் போகிறது. அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம். ஒரு மிஷனரி டாக்டரம்மா ஆரம்பித்த மருத்துவமனையின் ஒரு பகுதி அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வாழும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால், முதலில் எழுதிக் கொடுக்கப்படும் மருந்துச் சீட்டு என்ன தெரியுமா?

"உனக்கு விசுவாசம் பத்தல."

இது மருந்தும் இல்லை, ஆறுதலும் இல்லை. இது ஒரு தீர்ப்பு. ஏற்கெனவே விழுந்து கிடப்பவர் மேல் இன்னொரு கல்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், கற்பனைதான். ஆனால் ஓசூர் பக்கம் சபைக்குப் போகிறவர்கள் கடைசி வரிசையில் இப்படி ஒருத்தியைப் பார்த்திருப்பார்கள். ஊர் தூத்துக்குடி பக்கம். படிப்பு டிப்ளமோ. வேலை சிப்காட்டில். தங்குவது ஹாஸ்டலில், ஒரு அறைக்கு ஆறு பேர். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பகலில் தூங்கவேண்டிய வாரத்தில் பகலில் தூக்கம் வராது, ராத்திரி தூங்கவேண்டிய வாரத்தில் ராத்திரியும் வராது. சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்குப் போய்விடும். அம்மாவிடம் போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுவாள். இந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒன்றுதான்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செல் குரூப் அக்காவிடம் சொல்கிறாள். "அக்கா, எதுலயும் மனசு ஒட்டமாட்டேங்குது. சாப்பாடு இறங்கல. சில நேரம் செத்துடலாம்னு தோணுது."

அடுத்து என்ன நடக்கும்? முதலில் விசாரணை: "மறைவான பாவம் ஏதாவது இருக்காம்மா? யாரையாவது விரும்புறியா?" பிறகு பரிகாரம்: மூன்று நாள் உபவாசம், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம். பிறகு அவள் சொன்னது "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். மறுநாள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். இனி ஜென்மத்துக்கும் அவள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

இதில் கெட்டவர் யாரும் இல்லை என்பதுதான் கொடுமை. அந்த அக்கா உண்மையான அன்போடுதான் ஜெபித்தார். ஆனால் அன்பு இருந்தால் மட்டும் போதாது. சர்க்கரை நோயாளிக்கு அன்போடு லட்டு ஊட்டினாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

உபவாசத்தையும் முழு இரவு ஜெபத்தையுமே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது பக்தி. நைட் ஷிப்டால் தூக்கம் கெட்டு, பசியும் செத்துப்போன ஒருத்திக்கு? இருக்கிற கொஞ்சநஞ்சத் தூக்கத்தையும் சோற்றையும் பிடுங்குவது. பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கமிழப்பு அளவுகடந்த உற்சாக நிலையைக் கிளப்பிவிடக்கூடும் என்பது மனநல மருத்துவம் அறிந்த விஷயம். ஓயாத பேச்சு, தூங்காமலே தெம்பு, பெரிய பெரிய திட்டங்கள்... அதைப் பார்த்து "விடுதலை கிடைச்சிருச்சு" என்று மேடையேற்றி சாட்சி சொல்ல வைத்துவிடுவார்கள். சாட்சி சொன்ன பிறகு மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமே! மாத்திரை நிற்கும். நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். அப்போது சபை என்ன சொல்லும்? "பின்வாங்கிப் போயிட்டா."

சரி, வேதாகமத்தை நம்புகிறவர்கள் வேதாகமத்தையே பார்க்கட்டும். எலியா தீர்க்கதரிசியைவிட விசுவாசம் உள்ளவர் யார்? கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர். அது நடந்து கொஞ்ச காலத்துக்குள்ளேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? "விசுவாசம் எங்கே போச்சு" என்று கேட்டானா? பாவத்தைத் துருவினானா? தழலில் சுட்ட அடையும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி தூங்கினார், தூங்கவிட்டான். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். நடப்பதும், மலையும், கர்த்தரின் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். முதலில் சோறு, தூக்கம், கூட ஒரு ஆள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற எந்த சபைக்கு அதிகாரம்?

யோபுவின் சிநேகிதர்கள்? ஏழு நாள் ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் பாவத்தைத் தேட ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபுவின் மேல் அல்ல, அந்தச் சிநேகிதர்கள் மேல்தான். இதைப் பிரசங்கம் பண்ணுகிற வாயே அடுத்த நாள் எலிப்பாஸ் ஆகிவிடுகிறது!

கிருஷ்ணகிரியிலேயே ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை இந்தியாவுக்கு அனுப்பிய முதல் மிஷனரிகளில் ஒருவர் தியோடர் நேத்தர். 1895-ல் அவர் ஊழியத்தைத் தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி. 1904-ல் பிளேக் நோயில் இறந்துபோனார். நேத்தருக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் பிளேக் வந்தது என்று எவராவது சொல்வார்களா? சொன்னால் அடிக்க வரமாட்டார்களா? உடம்புக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயம் ஏன்? மூளையும் உடம்பில்தானே இருக்கிறது!

வேலூர்க் கதை எல்லோருக்கும் தெரியும். பிரசவத்துக்குப் பெண் டாக்டர் இல்லாமல் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்ட இளம் பெண் ஐடா ஸ்கடர். அவர் அதற்காக ஜெபித்தார். ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அதன் மனநல மையத்தில் ஒரு வழக்கம் உண்டு: நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கவேண்டும். மருந்து ஒருபக்கம், உறவு ஒருபக்கம். தனியாக விடப்பட்ட மனசு தேறுவது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓசூருக்கும் இது புதிதல்ல. 1980-களில் டைட்டன் இங்கே தொழிற்சாலை தொடங்கியபோது, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, வீடுகளில் தங்கவைத்து, அவர்களைக் கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர்களையும் ஏற்பாடு செய்தது. பதினெட்டு வயசுப் பிள்ளைக்குச் சம்பளம் மட்டும் போதாது, "சாப்பிட்டியா" என்று கேட்க ஒரு ஆளும் வேண்டும் என்பது ஒரு கடிகாரக் கம்பெனிக்குப் புரிந்தது. "ஒரே சரீரம்" என்று வாரம் தவறாமல் பேசுகிற சபைக்கு ஏன் புரியவில்லை?

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். "அப்படியானால் ஜெபத்துக்கு வல்லமை இல்லையா? ஜெபத்தால் சுகமானவர்கள் இல்லையா?"

இருக்கிறார்கள். ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரியே சாட்சி. 1907-ல் இந்தியா வந்தார். சில ஆண்டுகளிலேயே மனம் தளர்ந்து திரும்பத் திரும்ப முடங்கிப்போனார். லக்னோவில் ஒரு ஆலயத்தில் ஜெபித்தபோதுதான் தேறினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஓயாமல் ஊழியம் செய்தார். ஆனால் கவனியுங்கள், ஜெபத்தால் தேறிய அதே மனிதர்தான் 1950-ல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மருத்துவமனையை நிறுவினார். தனக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் சட்டமாக்கவில்லை. ஜெபத்தையும் மருத்துவரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. இதைவிட விசுவாசம் எது?

இப்போது குடும்பத்துக்கு வருவோம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு "விசுவாசம் பத்தல" என்றால், கல்யாணமான பெண்ணுக்கு "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, அவர் மாறுவார்". இரண்டும் ஒரே வசனம்தான், வேறு ராகம். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒருத்தி வந்து நின்றால் அது ஜெபக் குறிப்பு அல்ல, குற்றம். 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், மனைவியின் விபசாரம் ஒன்றைக் காட்டினாலே கிறிஸ்தவக் கணவன் விவாகரத்து கேட்கலாம். மனைவிக்கோ கொடுமை மட்டும் போதாது, அதோடு விபசாரத்தையும் நிரூபிக்கவேண்டும். இந்த அநியாயம் 2001-ல்தான் திருத்தப்பட்டது. 132 வருஷம்! அதன்பின் 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் மாறிவிட்டது, சில ஊழியர்களின் ஆலோசனை மட்டும் 1869-லேயே நிற்கிறது.

அடங்கிப்போன மனைவியின் கதை வேண்டுமா? வில்லியம் கேரியைத் தெரியாத கிறிஸ்தவர் இல்லை. அவர் மனைவி டாரதியை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியா வர அவர் முதலில் சம்மதிக்கவில்லை. கடைசி நேரத்தில் வற்புறுத்தி 1793-ல் அழைத்து வரப்பட்டார். மறுவருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். டாரதியின் மனம் சிதறியது. புருஷன் தனக்குத் துரோகம் செய்வதாக நம்ப ஆரம்பித்தார். கடைசி வருஷங்களில் அறைக்குள் அடைத்துவைக்கப்பட்டு, 1807-ல் செராம்பூரில் இறந்தார். அந்தக் காலத்தில் மருந்து இல்லை, கேரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் இன்று மருந்து இருக்கிறது. இன்றும் ஒரு டாரதியை அறைக்குள் வைத்துப் பூட்டினால் அதற்குச் சாக்கு கிடையாது.

பூட்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவில் குணம் கிடைக்கும் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். "அது அவங்க மதம்" என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிசாசு பிடித்திருக்கிறது என்று கட்டிவைத்து ஜெபிக்கிற எந்த இடத்திலும் சங்கிலி ஒன்றுதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காதே, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகப் பார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்க ஆராதனையை மறுத்த கத்தோலிக்கத் திருச்சபைகூட 1983-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பில் அந்தத் தடையை எடுத்துவிட்டது. அரசும் ரோமும் இறங்கி வந்த பிறகும் செல் குரூப் இறங்கி வராதா?

சபைகள் செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பணம்கூட அதிகம் வேண்டாம். கேட்ட ரகசியத்தை ஜெபக் குறிப்பாக்காமல் வாய்க்குள் வைத்திருக்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்வது பிரசங்கியார் வேலை அல்ல, டாக்டர் வேலை என்று மேடையிலேயே சொல்லலாம். 14416 என்ற எண்ணை அறிவிப்பு நேரத்தில் வாசிக்கலாம். அது 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பஸ் ஏறி நிம்ஹான்ஸ் போகப் பயப்படுகிற பிள்ளையோடு ஒரு அக்கா லீவு போட்டுக் கூடப் போகலாம். அப்படிச் செய்கிற போதகர்களும் அக்காமார்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மேடையேற்றுவதில்லை, அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் விசுவாசத்தை அளக்காதீர்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாளே, அதைவிட என்ன விசுவாசம் வேண்டும்? பக்கத்தில் போய் உட்காருங்கள். "தூங்கினியாம்மா? ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். "டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு, அவள் விரும்பினால், ஜெபியுங்கள்.

சூரைச்செடியின் கீழே தேவதூதன் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்.