கடற்கரை ஊரு, டாலர் சம்பளம்: கொஞ்சம் நில்லுங்க மக்களே!

"கம்போடியாவுல டேட்டா என்ட்ரி வேலை. டாலர்ல சம்பளம். ரூமும் சாப்பாடும் ஃப்ரீ. இங்கிலீஷும் டைப்பிங்கும் தெரிஞ்சா போதும்." இப்படி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வந்தா என்ன செய்வீங்க?

சிஹானூக்வில் அழகான கடற்கரை ஊர்தான். ஆனால் 2019-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்குக் கம்போடியா தடை அறிவித்த பிறகு, காசினோக்களை நம்பி எழும்பிய கட்டடங்கள் பல சைபர் மோசடிக் கூடங்களாக மாறின. அங்கே போய் மாட்டியவர்களுக்குக் கடல்காற்று கிடையாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டு, போலி ப்ரொஃபைல்ல நம்ம ஆட்களையே ஏமாத்தச் சொல்வாங்க. சுமார் 250 இந்தியர்களை மீட்டு அனுப்பியதாக 2024 மார்ச்சில் வெளியுறவு அமைச்சகம் சொன்னது.

"படிச்சவன் ஏமாறுவானா?"ன்னு கேட்காதீங்க. அவங்க தேடுறதே படிச்சவனைத்தான்! இதுக்குப் பேராசை மட்டும் காரணமில்ல. சங்கரன்கோவில்ல ஆடித்தபசுக்குப் போனா, சாமி கும்பிடுறதுக்குள்ள நாலு பேராவது "ஏலே, வேலை கெடச்சிட்டா?"ன்னு கேட்டுருவாங்க. பதில் சொல்ல முடியாத அந்தக் கூச்சம்தான் ஏஜென்ட்டோட முதல்.

அதனால ரெண்டு விஷயம். டூரிஸ்ட் விசாவுல போய் வேலை பார்க்கலாம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு அரசின் இ-மைக்ரேட் தளத்துல பாருங்க.

மூணாவதும் ஒண்ணு இருக்கு. வேலை கிடைக்காத நண்பனைக் கிண்டல் பண்ணாதீங்க. அப்பதான் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஆஃபர் லெட்டரை உங்ககிட்ட காட்டுவான். ஒரு வருஷம் ஊர்ல சும்மா இருக்கிறது அவமானம் இல்ல மக்களே!