மூன்றில் ஒன்றைக் காணோம்! மிச்சத்தையாவது காப்பாற்றுவார்களா?

திருச்சியில் இருந்து மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் விராலிமலையைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் செல்போன்.

அந்த ரோட்டை ஒட்டித்தான் கொடும்பாளூர் இருக்கிறது. திருச்சியில் இருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டம். சோழ ராஜாக்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்!

திருச்சிக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கல்லணை. சரிதான், நல்ல யோசனைதான். ஆனால் இரண்டாவது நாளும் தங்குகிறவரிடம் என்ன சொல்வது? "கடைவீதியைச் சுற்றிப் பாருங்க சார்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஒரு மணி நேரப் பயணத்தில் கொடும்பாளூர் இருக்கிறது என்று சொல்ல வாய் வருவதில்லை. இந்த வாய் வராத குணம் ஊருக்கே கெடுதல். எப்படி என்று பார்ப்போம்.

காணாமல் போன கோயில்

கொடும்பாளூரில் இருப்பது மூவர் கோயில். பேர்தான் மூவர். போய்ப் பார்த்தால் நிற்பது இரண்டு! மூன்றாவது கோயிலுக்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. மேலே இருந்ததைக் காணோம்.

கூட வந்த பொடியன் சும்மா இருப்பானா? "அப்பா, மூணுன்னு சொன்னீங்க, ரெண்டுதானே இருக்கு?" என்று கேட்பான். பதில் சொல்ல முடியாமல் அப்பா முழிப்பார்.

மூன்று கோயிலையும் சுற்றிச் சிறு கோயில்கள் 15 இருந்தன. அவற்றுக்கும் அடித்தளம்தான் மிச்சம். பக்கத்திலேயே ஐவர் கோயில். அதுவும் தரையோடு தரை. ஊருக்குள் 108 கோயில் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

வீட்டில் ஒரு பித்தளைக் குடம் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். இங்கே கோயில் கோயிலாகப் போயிருக்கிறது. அது பழைய வழக்கு. இனி விசாரித்துப் பிரயோசனம் இல்லை. மிச்சம் இருக்கிற இரண்டையும் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்றைய கேள்வி.

கட்டியவன் யார்?

கட்டியவன் பூதி விக்கிரமகேசரி. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துத் தலைவன். தனக்கு ஒன்று, மனைவி கற்றளிக்கு ஒன்று, இன்னொரு மனைவி வரகுணைக்கு ஒன்று என்று மூன்று கோயில் எழுப்பினான். காலம் 9-ம் நூற்றாண்டா, 10-ம் நூற்றாண்டா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல்!

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் "என்ன, இவ்வளவு சின்னதா?" என்பார்கள். சின்னதுதான். ஆனால் கிட்டே போய்ச் சுற்றி வந்தால் காலை எடுக்க மனசு வராது. அடியில் இருந்து உச்சி வரை கல். மாடத்துக்கு மாடம் சிற்பம். பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிற அர்த்தநாரீஸ்வரர், யானையை உரித்த சிவன், ஓரத்தில் வரிசையாக யாளி, பூதகணம். பெரிய கோயில்களில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதை எல்லாம் இங்கே கிட்டே நின்று பார்க்கலாம்.

கோயில் சுவரில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று, கிரந்த எழுத்தில் இருக்கிறது. விக்கிரமகேசரியின் முன்னோர் வரிசை, அவன் ஜெயித்த சண்டைகள், பல்லவர் படையின் ரத்தத்தில் காவிரித் தண்ணீர் சிவந்த கதை எல்லாம் அதில் உண்டு. அதோடு இன்னொரு சங்கதியும் உண்டு. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடம் கட்டிக் கொடுத்தான். அங்கே 50 துறவிகளுக்குச் சாப்பாடு போட 11 கிராமங்களை எழுதி வைத்தான்.

கவனிக்க வேண்டியது இதுதான். கோயில் கட்டினவன் கல்லோடு நிறுத்தவில்லை. அங்கே வந்து தங்குகிறவர்கள் வயிற்றுக்கும் வழி செய்தான். ஆயிரம் வருஷம் கழித்து அதே இடத்துக்கு வருகிறவன் ஒரு டம்ளர் குடிதண்ணீருக்கும், ஒதுங்க ஒரு நிழலுக்கும், பெண்கள் போக ஒரு சுத்தமான கழிப்பிடத்துக்கும் உத்தரவாதம் கேட்டால் அது தப்பா?

திருடனுக்குத் திறந்த களஞ்சியம்

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை. 63 நாயன்மார்களில் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூரில் இருந்து ஆண்டவர்.

சிவனடியார்களுக்குச் சோறு போட நெல் இல்லாமல் தவித்த ஒருவர், ராத்திரியில் ராஜாவின் நெல் களஞ்சியத்தில் புகுந்தார். காவலர்கள் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு போய் ராஜா முன்னால் நிறுத்தினார்கள். ராஜா விசாரித்தார். விஷயம் தெரிந்தது. "இனி அடியார்கள் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும்" என்று களஞ்சியத்தையே திறந்துவிட்டார். பெரிய புராணத்தில் இருக்கிற கதை இது.

சிலப்பதிகாரத்திலும் இந்த ஊர் வருகிறது. கோவலனும் கண்ணகியும் உறையூரை விட்டு மதுரைக்குப் புறப்பட்டபோது, வழியில் கண்ட மறையவன் ஒருவன், கொடும்பையில் இருந்து மதுரைக்கு மூன்று வழி பிரிகிறது என்று அடையாளம் சொல்கிறான். அன்றைக்கே இது ஊர் ஊராகப் போகிறவர்கள் கூடிப் பிரிகிற சந்தி! இன்றைக்கு நான்கு வழிச்சாலை வந்த பிறகு யாரும் கூடுவதும் இல்லை, பிரிவதும் இல்லை. பறக்கிறார்கள்.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையைப் படித்தவர்களுக்குக் கொடும்பாளூர் என்றதும் வானதி ஞாபகம்தான் வரும். 2022-லும் 2023-லும் அந்தக் கதை இரண்டு பாகம் சினிமாவாக வந்தது. கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட வானதி பேரைச் சொல்கிறது. ஆனால் வானதி பிறந்த ஊராகக் கதை சொல்லும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், திருச்சி டவுனிலேயே கையை விரிப்பார்கள்.

ஒருநாள் சுற்று

கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளில் என்ன பார்க்க முடியும்?

காலையில் சீக்கிரம் திருச்சியில் கிளம்பினால் முதலில் விராலிமலை. படி ஏறினால் மேலே மயில் வாகனத்தில் ஆறுமுகன். அருணகிரிநாதர் பாடிய தலம். முருகனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் உள்ள கோயில்! மலையைச் சுற்றி மயில்கள். வெயில் ஏறும் முன் போனால் பாறைக்குப் பாறை பார்க்கலாம்.

அடுத்தது கொடும்பாளூர். மூவர் கோயில், ஐவர் கோயில் அடித்தளம், அப்புறம் முசுகுந்தேசுவரர் கோயில். இந்தக் கடைசிக் கோயிலும் இருக்குவேளிர் கட்டிய சோழர் காலத்துக் கற்கோயில்தான். இங்கே பூஜை நடக்கிறது. மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். கால் வலிக்காது. பெரிய ஒற்றைக்கல் நந்தி ஒன்றும் உண்டு. பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

அங்கிருந்து புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் குடுமியான்மலை. பாறையில் சங்கீத சுரங்களையே கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் சித்தன்னவாசல், சமணர் ஓவியம். நேரம் இருந்தால் திருச்சிக்குத் திரும்பும் வழியில் நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரம்.

சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய் வருகிற காசில், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனால் இத்தனையும் பார்த்துவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் மட்டும் வேண்டாம். பாறை நாடு. அனல் அடிக்கும்.

ஆள் நடமாட்டமே காவல்

"ஜனங்கள் வராமல் இருப்பதே நல்லது சார். வந்தால் குப்பை போடுவான், கிறுக்குவான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்திலேயே சாட்சி உண்டு. சித்தன்னவாசலில் இன்றைக்கு ஓவியம் மிச்சம் இருப்பது கூரையிலும் தூண்களின் மேற்பகுதியிலும்தான். கை எட்டும் உயரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் ஆள் வராத கோயிலுக்கு என்ன கதி என்பதற்கும் சாட்சி உண்டு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்துச் சிவன் கோயில். பூட்டிக் கிடந்தது. எட்டிப் பார்க்க ஆள் இல்லை. உள்ளே இருந்த நடராஜர் திருடு போனார். கடல் தாண்டினார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-ல்தான் சாமி ஊர் திரும்பினார். விற்ற வியாபாரி சுபாஷ் கபூருக்கு, அதே மாவட்டத்தில் நடந்த வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் கோர்ட்டு 10 வருஷம் சிறைத் தண்டனை விதித்தது.

தினம் நாலு பேர் வந்து போகிற கோயிலில் ஒரு சிலை குறைந்தால் மறுநாளே தெரிந்துவிடும். ஆள் போகாத கோயிலில் வருஷக்கணக்கில் தெரியாது. எந்தக் கான்ஸ்டபிளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இருட்டுச் சந்துக்கு விளக்கு எப்படியோ, பழைய கோயிலுக்கு ஆள் நடமாட்டம் அப்படி.

ஆகவே ஜனங்கள் வரட்டும். ஆனால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வரட்டும்!

பேர் எழுதினால் கம்பி எண்ணலாம்

மூவர் கோயில் மத்திய அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1958-ம் வருஷச் சட்டத்தை 2010-ல் திருத்திக் கடுமையாக்கினார்கள். ஆணியால் காதலி பேரைக் கீறுகிற வாலிபர்களுக்கு இது தெரியாது. தெரியும்படி, படிக்கும்படி, பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மூலையில் துருப்பிடித்த போர்டு உதவாது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டிடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் வசதி கேட்டுப் போகிறவனிடம் இதையே சாக்காகச் சொல்லக் கூடாது. 100, 200 சேர்த்தால் 300. அதைத் தாண்டிக் கட்டுங்களேன்! கழிப்பிடம் கோயில் வாசலிலேயே வேண்டும் என்று யார் கேட்டது? ரோட்டு ஓரத்தில், பஸ் நிற்கும் இடத்தில் இருந்தால் போதாதா?

சிக்கல் எங்கே என்றால், வேலை ஒன்று, ஆபீஸ் நாலு. கல்லுக்குப் பொறுப்பு மத்தியத் தொல்லியல் துறை. விளம்பரம் மாநிலச் சுற்றுலாத் துறை. பஸ் போக்குவரத்துக் கழகம். தண்ணீரும் குப்பையும் பஞ்சாயத்து. நாலு பேர் தூக்க வேண்டிய கட்டிலை ஒருத்தன் தூக்க முடியாது. நாலு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்கிற அதிகாரம் மாவட்டக் கலெக்டருக்கு இருக்கிறது.

கோடிக்கணக்கில் செலவு வேண்டாம். ஞாயிறு, பண்டிகை நாட்களில் திருச்சியில் இருந்தும் புதுக்கோட்டையில் இருந்தும் ஒரு சுற்று பஸ். இன்ன இடத்தில் திரும்பு என்று நெடுஞ்சாலையில் தமிழில் ஒரு பெரிய பலகை. மூன்றாவது கோயிலின் அடித்தளத்துக்குப் பக்கத்தில், இங்கே இருந்தது என்ன என்று படத்தோடு ஒரு விளக்கம். ஊர்ப் பிள்ளைகளில் படித்த பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்தால் வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார்கள். அவர்களுக்கும் கையில் நாலு காசு கிடைக்கும். டீக்கடைக்கும் இளநீர்க் கடைக்கும் வியாபாரம் வரும். தன் பிழைப்பு அந்தக் கல்லில் இருக்கிறது என்று தெரிந்த ஊர்க்காரன், அதில் ஆணி வைக்க எவனையும் விடமாட்டான். சம்பளம் இல்லாத வாட்ச்மேன் அவன்தான்!

ஒன்று போய்விட்டது. இருப்பது இரண்டு. பொடியன் கேட்ட கேள்விக்கு அப்பா இப்போது முழிக்கிறார். அவன் பேரன் வந்து "ஒண்ணுதானே இருக்கு?" என்று கேட்கும்படி விட்டுவிடக் கூடாது. திருச்சிக்காரர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். அதிகாரிகள் அதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. போவார்களா?