உடலுக்கேற்ற கருவி

நோயாளியின் உடலில் செலுத்திய டெக்னீசியம் காமாக் கதிர்களை வீசுகிறது. அவற்றைப் படமாக்குவது காமா காமிரா. 1950-களில் அமெரிக்கரான ஹால் ஆங்கர் படைத்த இக்கருவிக்கு ஒரு குணம் உண்டு: உடலைவிட்டு விலக விலகப் படம் மங்கும். முகப்பிலுள்ள ஈயத் தட்டின் ஒவ்வொரு துளையும், தொலைவு கூடக்கூட அகன்ற பரப்பைக் காண்பதே காரணம்.

மனித உடலோ வட்டமன்று. காமிராவை வட்டமாகச் சுழற்றினால் விலாவை நெருங்கும், மார்பைவிட்டு விலகும். ஆகவே, அகச்சிவப்பு ஒளியால் உடலின் விளிம்பைத் தொடாமலே அறிந்து, அதனை ஒட்டிச் செல்லும் ஏற்பாடு வந்தது.

தொலைவு மாறிக்கொண்டேயிருந்தால் இதயப் படத்தில் பொய்த்தோற்றம் எழக்கூடும், ஆகவே வட்டமே போதும் என்பர் சிலர். அச்சம் நியாயமே. ஆனால் அதற்குப் பரிகாரம், அளந்த தொலைவைக் கணிப்பொறிக்குக் கொடுத்துத் திருத்துவது. எட்ட நின்று மங்கலாகப் பார்ப்பதன்று. மங்கலில் மறைவது வெறும் புள்ளியா? உயிரைக் குடிக்கும் கட்டியாகவும் இருக்கலாமே!

புதிய துகளைத் தேடுவது மட்டும் பௌதிகமன்று. நோயாளிக்கும் கருவிக்கும் இடையே ஓர் அங்குலத்தைக் குறைப்பதும் பௌதிகமே. நம்மவர் இத்துறைக்கும் வரவேண்டும்.