மாசம் எவ்வளவுன்னு கேட்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல கார் வாங்கப் போற பிள்ளைங்க இருந்தா அவசியம் காட்டுங்க.

எங்க கோயில்ல அடிக்கடி புதுக் காருக்குப் பூஜை நடக்கும். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புறது தொண்டர்கள் நாங்கதான். சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா ஒன்றரை வருஷம் கழிச்சு அதே தம்பி மோட்டார்ல வர்றாரு. கார் எங்கன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறாரு. பேங்க் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஒருத்தர் கதையா இருந்தா எழுத மாட்டோம். பல பேரைப் பார்த்துட்டோம்.

கார் வேணாம்னு சொல்ல வரல. பஸ் வராத தாமான்ல இருந்து காலை 7 மணி ஷிப்டுக்குப் போகணும். மழையில ஒரே மோட்டார்ல மனைவி, ரெண்டு பிள்ளைங்களோட வர்ற குடும்பத்தைப் பார்த்தா எங்களுக்கே மனசு கேட்காது. எந்தக் கார், எத்தனை வருஷக் கடன் என்பதுதான் பேச்சு.

ஷோரூம்ல முதல் கேள்வியே "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். நம்ம பிள்ளைங்களும் அதையேதான் கேட்கிறாங்க. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். 50,000 வெள்ளி கடன், நம்ம ஊர்ல பழகிப்போன ஃபிளாட் ரேட் முறையில வட்டி 3.5 சதவீதம்னு வைத்துக்கொள்ளுங்க. 9 வருஷத்துக்கு இழுத்தா மாசம் 609 வெள்ளி. 5 வருஷம்னா 979. 609 சுலபமாத் தெரியும். ஆனா 9 வருஷத்துல வட்டி மட்டும் 15,750 வெள்ளி, 5 வருஷத்துல 8,750. ஒரே காருக்கு 7,000 வெள்ளி கூடுதல்.

எங்க கருத்து இதுதான்: 5 வருஷக் கணக்குல கட்ட முடியலைன்னா அந்தக் கார் உங்க சம்பளத்துக்குப் பெரிசு. 9 வருஷமாக்கி அதைச் சின்னதாக்க முடியாது.

சம்பளம்னா அடிப்படைச் சம்பளம். ஓ.டி.யைச் சேர்க்காதீங்க. குறைந்தபட்ச சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளி ஆனது. ஓ.டி. சேர்த்து 2,600, 2,700 கையில் வாங்குற தம்பி அதை நம்பித்தான் கையெழுத்துப் போடுறாரு. தொழிற்சாலையில ஆர்டர் குறைஞ்சா முதல்ல நிக்கிறது ஓ.டி.தான். பேங்க் தவணை நிக்காது.

அதோட இன்சூரன்ஸ். முதல் கார்னா என்.சி.டி. கழிவு இருக்காது. 55 சதவீதம் கழிவு வர 5 வருஷம் கிளெய்ம் இல்லாம ஓட்டணும். ரோட் டேக்ஸ் 1.0 லிட்டருக்கு 20 வெள்ளி, 1.5 லிட்டருக்கு 90. சின்ன இன்ஜின் வருஷா வருஷம் கை கொடுக்கும்.

2023-ல பெரோடுவா 22,000 வெள்ளிக்கு ஆக்சியா இ-யைக் கொண்டு வந்தது, இன்சூரன்ஸ் தனி. அந்த விலைக்கு 10 சதவீதம் முன்பணம் போட்டு, அதே 3.5 சதவீதத்துல 5 வருஷம் எடுத்தா மாசம் 388 வெள்ளிதான் வரும். நம்ம பசங்க அதை "லைசென்ஸ் எடுக்குற கார்"னு கிண்டல் பண்றாங்க. கிண்டல் பண்றவன் தவணை கட்ட வரப்போறதில்ல. ஒரு விஷயம், அது மேனுவல் கியர். டி.ஏ. லைசென்ஸ் வச்சிருக்கவங்க ஓட்ட முடியாது.

பழைய மைவி, சாகா, விவா எல்லாம் நல்ல கார்தான், பார்த்து வாங்கினா. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை கார் மூழ்கியதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்குங்க. சீட்டுக்கு அடியில ஆணி துருப்பிடிச்சிருக்கான்னு பாருங்க. பாலிஷ் போட்ட பாடியைப் பார்த்து மயங்காதீங்க.

"சம்போங் பாயார்" பக்கமே போகாதீங்க. தவணை நீங்க கட்டுவீங்க, கார் வேற ஒருத்தர் பேர்ல இருக்கும். அந்த ஆள் கட்டச் சொன்ன பணம் பேங்குக்குப் போச்சான்னு கூட உங்களுக்குத் தெரியாது.

தொடர்ந்து ரெண்டு தவணை கட்டலைன்னா பேங்க் நோட்டீஸ் அனுப்பலாம். 21 நாள் கழிச்சுக் காரை எடுக்கலாம். எடுத்துட்டா கடன் தீர்ந்துச்சுன்னு நினைக்காதீங்க. ஏலத்துல வர்ற பணம் போதலைன்னா மிச்சத்தை நீங்கதான் கட்டணும். நீங்க கட்டலைன்னா, ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமா, பெரியப்பா தலையில விழும். பென்ஷன் பணத்துல மருமகன் கார் கடனைக் கட்டுற பெரியவர் ஒருத்தர் எங்க கோயிலுக்கே வர்றாரு. அவர் கார்ல ஏறினதுகூட இல்ல.

அதனால கோயில் பெரியவங்ககிட்ட ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வராதீங்க தம்பிகளா. கார் பார்க்கக் கூப்பிடுங்க, வர்றோம். எங்க குழுவுல 30 வருஷம் வொர்க்‌ஷாப்ல இருந்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு. ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் ஃப்ரீதான். முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க.