அஞ்சல் எந்தக் கந்தோரில் இருந்து வந்தது?

வெளிநாட்டு வேலை கிடைத்ததாக மின்னஞ்சலைக் கொண்டுவரும் சகோதரிகள் எல்லோரும் அனுப்பியவரின் பெயரைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் பெயரை எவரும் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாம். அண்மையில் ஒரு தங்கச்சி காட்டிய கடிதத்தில் கனடா வைத்தியசாலை ஒன்றின் பெயரும் இலச்சினையும் இருந்தன. கட்டணத்துக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கப் புறப்பட்டிருந்தார். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பெயருக்குக் கீழுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினோம். முழு முகவரியும், எந்தச் சேவையூடாக வந்தது, யார் கையொப்பமிட்டது என்ற வரிகளும் தெரிந்தன. எல்லாமே இலவச ஜிமெயில் கணக்கு! பெரிய வைத்தியசாலை தன் சொந்த இணைய முகவரியில் இருந்தல்லவா எழுதும்? (நம்மூர் அலுவலகங்கள் சிலவும் ஜிமெயில் பாவிக்கின்றன, அது வேறு கதை.)

சொந்த முகவரி இருந்தாலும் அவசரப்படாதீர்கள். பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எவரும் புதிய முகவரி வாங்கலாம். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள்.

சந்தேகமான அஞ்சலை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். முறைப்பாட்டுக்குப் படம் எடுத்து வைத்தால் போதாது. அது வந்த வழியின் விபரம் அஞ்சலுக்குள்ளேயே இருக்கிறது.