பூட்டு அவர்களுடையது, நஷ்டம் நம்முடையதா?

தோழர்களே! மில்லில் உழைத்தாலும் வயலில் உழைத்தாலும் இன்று நம்மில் பலரின் பணம் பாங்கிக் கணக்கில் இருக்கிறது. கணக்கின் சாவி கைப்பேசியிலும் கட்டைவிரலிலும் இருக்கிறது. பணம் பறிபோய் பாங்கிக்கு ஓடினால், ஆதன்டிகேஷன், என்கிரிப்ஷன், த்ரெட் டிடெக்ஷன் என்று மூன்று வார்த்தைகளை வீசி, "எங்கள் பக்கம் எல்லாம் சரி, நீதான் ஏமாந்தாய்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்த வார்த்தைகள் ஒன்றும் தேவ ரகசியமல்ல.

முதலாவது, ஆளைச் சரிபார்ப்பது. மில் கேட்டில் வாட்ச்மேன் செய்யும் வேலைதான். உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண், உங்கள் போனுக்கு மட்டும் வரும் ஓ.டி.பி., உங்கள் விரல் ரேகை. ஒன்று களவு போனாலும் இன்னொன்று காக்கட்டும் என்றுதான் இரண்டைக் கேட்கிறார்கள். ஆகவே ஓ.டி.பி.யைச் சொல்லச் சொல்பவன் பாங்கி மானேஜர் என்று சொல்லிக்கொண்டாலும் திருடனே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையேயில்லை. "பரிசு விழுந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்" என்றால், போட்டதும் பணம் வராது, போகும்.

ரகசிய எண் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா? பத்திரப் பதிவுத் தாள்களிலிருந்த ரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் சுருட்டிய மோசடிகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. ரேகையைப் பூட்டிவைக்க ஆதார் நிர்வாகம் வசதி வைத்திருக்கிறது. கிராமத்தில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னார்கள்? நாற்று நட்டு ரேகை தேய்ந்த தாயை ரேஷன் கடை இயந்திரம் "நீ நீயல்ல" என்கிறது. திருடனின் போலி விரலை இன்னொரு இயந்திரம் வரவேற்கிறது! விந்தையான விஞ்ஞானம்தான்.

இரண்டாவது, செய்தியைப் புரியாத எழுத்தாக மாற்றி அனுப்புவது. சாவி உள்ளவர் மட்டுமே படிக்க முடியும். வாட்ஸ்அப் 2016-இல் இதை எல்லாருக்கும் கொண்டுவந்தது. நல்லதே. ஆனால் வழியில் திருடுபவனைத்தான் இது தடுக்கும். முன்பின் தெரியாதவன் அனுப்பிய செயலியைப் போனில் ஏற்றிவிட்டால், திருடன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பான்.

மூன்றாவது, வழக்கத்துக்கு மாறான நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பது. வாரம் 500 ரூபாய் எடுப்பவரின் கணக்கில் நள்ளிரவில், எங்கோ தூரத்து ஊரில், இருப்பு முழுவதும் துடைக்கப்பட்டால் இயந்திரம் சந்தேகப்பட வேண்டாமா? ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவனைப் பிடிக்கும் கருவியை முதலாளிகள் வாங்கத் தெரிந்திருக்கிறார்கள். ஏழையின் பணம் போகும்போது மட்டும் கருவி தூங்குவானேன்?

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. தவறு பாங்கியுடையதானால், புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும், கணக்குக்காரருக்கு நஷ்டமில்லை என்றது. இருவர் மீதும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியானால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கும் நஷ்டமில்லை. ஏமாந்து எண்ணைச் சொன்னவர்கூட, புகார் கொடுத்த பின் போகும் பணத்துக்குப் பொறுப்பல்ல. தவறு கணக்குக்காரருடையது என்று நிரூபிக்க வேண்டியது பாங்கி! கவுண்டரில் விரட்டுகிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை?

ஆகவே பணம் போனது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பாங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட ரசீது கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்க ஆபீஸில் எழுதிக் கொடுக்கிறோம். ரசீது தர மறுத்தால், நாலு தோழர்களாகச் சேர்ந்து மறுபடியும் போவோம்.